மெய்நிகர் உலகப் படங்களைக் காதாலும் பார்ப்பது எப்படி

படங்களுக்குக் காலடி ஓசை சேர்ப்பது என் வேலை. திரையில் ஒருவர் நடக்கும்போது உங்களுக்குக் கேட்கும் செருப்புச் சத்தம், சட்டை உரசல், கோப்பையை மேசைமேல் வைக்கும் ஓசை இவற்றில் பெரும்பகுதி படப்பிடிப்பில் பதிவானது கிடையாது. பிறகு ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், திரையைப் பார்த்தபடி என்னைப் போன்ற ஒருவர் நடந்தும் தட்டியும் உரசியும் பதிவு செய்வது. இதற்கு ஃபோலி என்று பெயர். இல்லாத உலகத்தை இருப்பதுபோல் நம்பவைப்பது எப்படி என்று தினமும் யோசிக்கும் வேலை என்பதால், மெய்நிகர் உலகங்களைப் பற்றிய படங்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

அந்தப் படங்களைப் பெரும்பாலானோர் ஒரு விடுகதையாகப் பார்க்கிறார்கள். எது நிஜம், எது கனவு, கடைசிக் காட்சியில் அவன் விழித்தானா இல்லையா? விடை கிடைத்ததும் படத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. இந்தப் படங்களிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: நிஜ வாழ்க்கை என்று காட்டும் இடத்தில் இயக்குநர் என்னென்ன பொருட்களை வைத்திருக்கிறார்? பல படங்களில் நிஜ உலகத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, அழகும் குறைவு. ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவர் எதையோ தேர்ந்தெடுத்து வைத்தாக வேண்டும். ஒரு நாய், ஒரு துளி வியர்வை, ஒரு பழைய தொலைபேசி. அந்தத் தேர்வைப் படிக்கக் கற்றுக்கொண்டால் நம் வாழ்க்கையையும் அதே கண்ணால் பார்க்க முடியும். அதற்கான வழியைத்தான் சொல்லப்போகிறேன். படங்களின் முடிவுகளையும் சொல்லிக்கொண்டே போவேன். முடிவு தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் சில ஏற்பாடுகள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை நிறுத்தாமல், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, கதைக்காக மட்டும். இரண்டாம் முறை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. தொலைக்காட்சியின் சின்ன ஒலிபெருக்கியில் மெல்லிய ஓசைகள் காணாமல் போய்விடும், அதனால் நல்ல ஹெட்போன் இருந்தால் நல்லது. நோட்டில் இரண்டே பத்திகள் போதும். இடப்பக்கம், மெய்நிகர் உலகத்தில் நீங்கள் ஆசைப்பட்டது. வலப்பக்கம், நிஜ உலகத்தில் உங்கள் கண்ணோ காதோ நின்ற இடம். 'அழகு', 'சோகம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். பொருளின் பெயரை எழுதுங்கள்.

தொடக்கத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது பீட்டர் வியர் இயக்கிய 'தி ட்ரூமன் ஷோ' (1998). இதில் கணினி உலகம் கிடையாது. ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து வாழும் ஊரே ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான செட். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் நடிகர்கள், அவனுக்கு மட்டும் அது தெரியாது. தொழில்நுட்பத்தின் மினுமினுப்பு குறுக்கே வராததால், செய்து வைத்த உலகத்தின் குணம் இதில் தெளிவாகத் தெரியும். கணவனும் மனைவியும் சண்டை போடும் காட்சியைக் கவனியுங்கள். ட்ரூமன் உடைந்துபோய்ப் பேசிக்கொண்டிருக்கிறான். மனைவி சட்டென்று ஒரு கோக்கோ பானத்தைக் காட்டி விளம்பர வசனம் பேசத் தொடங்குகிறாள். அவள் குரல் அவனை நோக்கி வரவில்லை, கேமராவை நோக்கிப் போகிறது. அவன் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்கிறான். பதில் கிடைக்காத இடம் என்று நான் குறித்து வைத்திருப்பது இதைத்தான். செய்து வைத்த உலகத்தில் பேச்சு நிறைய இருக்கும், உங்களுக்கென்று வரும் பதில் இருக்காது.

அதே படத்தில் வலப்பக்கம் எழுத வேண்டியது: ட்ரூமன் பத்திரிகைகளிலிருந்து பெண்களின் கண்களையும் மூக்கையும் கிழித்தெடுத்து ஒட்டிப் பார்க்கிறான். அவனிடம் ஒருமுறை உண்மை பேசிய பெண்ணின் முகத்தை அப்படித் திரும்பக் கட்டப் பார்க்கிறான். வீடு, வேலை, நல்ல வானிலை எல்லாம் கொடுத்த ஊரில் அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு முகம்.

அடுத்து 'தி மேட்ரிக்ஸ்' (1999). 136 நிமிடங்கள், ஓடுவதே தெரியாது. நிறத்திலிருந்து தொடங்குங்கள். மனிதர்களின் மூளைக்குள் இயந்திரங்கள் ஓட்டும் மேட்ரிக்ஸ் என்ற உலகத்தில் படம் முழுக்கப் பச்சைச் சாயல், நிஜ உலகத்தில் நீலச் சாயல். இது தெரிந்த பிறகு படத்தை இன்னொரு விதமாகப் பார்ப்பீர்கள். ஆனால் நோட்டில் அதிக இடம் பிடிக்க வேண்டியது சாப்பாட்டுக் காட்சிகள். சைஃபர் என்பவன் மேட்ரிக்ஸுக்குள் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, முள்கரண்டியில் இறைச்சித் துண்டைத் தூக்கிப் பார்த்து, இது இல்லாத பொருள் என்று தனக்குத் தெரியும், ஆனாலும் சுவையாக இருக்கிறது என்கிறான். அறியாமையே ஆனந்தம் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் மறந்த பணக்காரனாகத் தன்னைத் திரும்ப உள்ளே வைத்துவிடக் கேட்கிறான். மறுபக்கம், நிஜ உலகத்தின் கப்பலில் இருப்பவர்கள் கொழகொழப்பான புரதக் கூழை விழுங்குகிறார்கள். மௌஸ் என்ற இளைஞன் ஒரு கேள்வி கேட்கிறான்: மேட்ரிக்ஸில் தான் சாப்பிட்டதாக நினைத்த உணவின் சுவை எப்படியிருக்கும் என்று இயந்திரங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவை தப்பாகப் போட்டிருந்தால்? சிரிப்பூட்டும் காட்சிபோல வந்துபோகும். எனக்கு இந்தப் படத்திலேயே ஆழமான இடம் இதுதான்.

இங்கே ஒரு பயிற்சி. சைஃபருக்காக வாதாடுங்கள், உண்மையாகவே. கூட ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், தனியாக இருந்தால் எழுதுங்கள். நிஜம் குளிரும் பசியும் என்றால், ஒருவன் இன்பத்தைத் தேர்ந்தெடுப்பதில் என்ன குற்றம்? சுலபமாக விட்டுவிடாதீர்கள், அவன் பக்கம் வலுவான பக்கம். தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-இல் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்: நீங்கள் விரும்பும் எந்த அனுபவத்தையும் மூளைக்குள் தரும் இயந்திரம் ஒன்று இருந்தால் வாழ்நாள் முழுக்க அதில் இணைந்துகொள்வீர்களா? மாட்டோம் என்பதுதான் அவர் எதிர்பார்த்த பதில். காரணமும் சொன்னார். நமக்குச் செயல்களைச் செய்த அனுபவம் மட்டும் போதாது, அவற்றை உண்மையிலேயே செய்யவும் வேண்டும், ஒரு குறிப்பிட்ட விதமான மனிதராக இருக்கவும் வேண்டும். அந்த இயந்திரத்தோடு இணைந்து தொட்டியில் மிதக்கும் ஒருவர் தைரியசாலியா, அன்பானவரா என்று கேட்டால் பதிலே கிடையாது.

நோசிக்கின் வாதத்தை மனதில் வைத்துக்கொண்டு சைஃபரிடம் திரும்பி வாருங்கள். அந்த இறைச்சித் துண்டுக்கு அவன் கொடுத்த விலை என்ன? கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்கிய தோழர்களின் உயிர். மேட்ரிக்ஸுக்குள் இருக்கும் இருவரின் இணைப்பை அவன் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான், அவர்கள் நின்ற இடத்திலேயே சாய்கிறார்கள். அதைத் தடுக்க, உள்ளே மாட்டிக்கொண்ட தோழி ட்ரினிட்டியிடம் இருப்பது தொலைபேசி வழியாக வரும் குரல் மட்டும். நான் அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சண்டைக் காட்சிகளின் இடிமுழக்கம் எதுவும் எனக்கு அவ்வளவு பாரமாக இருந்ததில்லை. மேட்ரிக்ஸுக்குள் திரும்பிப் போகும் ஆசையைப் பற்றிய வாதம், கடைசியில் மற்றவர்களை எங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

கண்ணை மூடிக் கேட்பது என்று சொன்னேன் அல்லவா, அதை எப்படிச் செய்வது என்று விளக்கிவிடுகிறேன். மெய்நிகர் உலகக் காட்சி ஒன்று, நிஜ உலகக் காட்சி ஒன்று, இரண்டிலும் இரண்டிரண்டு நிமிடங்கள் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மூச்சு, துணி, தரை. கணினியிலோ வரைந்தோ செய்த காட்சிக்குப் படப்பிடிப்புத் தளமே கிடையாது, ஆகவே அதில் தானாக வந்த ஓசை ஒன்றுகூட இருக்க முடியாது. காலடிக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். ஓர் அவதார், அதாவது மெய்நிகர் உலகத்தில் ஒருவருக்காக நிற்கும் உருவம், குதித்து இறங்கும்போது முழங்கால் முனகும் ஓசை இருக்கிறதா? இறங்கியபின் மூச்சு வாங்குகிறதா? இல்லையென்றால் அங்கே உடம்பு இல்லை என்று படம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சில படங்கள் வேண்டுமென்றே எதிர்மாறாகச் செய்யும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றிச் சொல்லும்போது பால் வெர்ஹோவனின் 'டோட்டல் ரீகால்' (1990) படத்தில் ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாயகனின் அறைக்கு ஒரு மருத்துவர் வந்து, நீ அனுபவிப்பதெல்லாம் மூளைக்குள் ஓடும் கனவு, நானும் அதற்குள்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், இந்த மாத்திரையை விழுங்கினால் விழித்துவிடுவாய் என்கிறார். அவர் வாதத்தில் ஓட்டையே இல்லை. நாயகன் கிட்டத்தட்ட விழுங்கிவிடுகிறான். அப்போது மருத்துவரின் முகத்தில் ஒரு வியர்வைத் துளி வழிகிறது. கனவுக்குள் இருப்பவருக்குப் பயம் எதற்கு? தர்க்கத்தால் பிடிபடாதது ஒரு துளி வியர்வையில் பிடிபடுகிறது. இது நிஜமா கனவா என்று படம் கடைசிவரை சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். அந்தத் துளியை வலப்பக்கம் எழுதிவிட்டு நகருங்கள்.

மாமோரு ஓஷியின் 'அவலான்' (2001) பொறுமையாகப் பார்க்க வேண்டிய படம். ஜப்பானிய இயக்குநர், போலந்தில், போலிஷ் மொழியில் எடுத்தது. ஆஷ் என்ற பெண் ஒரு சட்டவிரோத மெய்நிகர்ப் போர் விளையாட்டில் சம்பாதித்து வாழ்கிறாள். படம் ஏறக்குறைய முழுவதும் பழைய புகைப்படத்தின் பழுப்பு நிறத்தில் இருக்கும், விளையாட்டும் அப்படித்தான், அவள் வீடும் அப்படித்தான். வீட்டில் ஒரு பாசெட் ஹவுண்ட் நாய். அதற்காக அவள் பொருட்களை வாங்கி வந்து, நறுக்கி, சமைக்கிறாள். கதைக்கு அவசியமே இல்லாத நீளத்துக்கு அந்தக் காட்சி போகும். நான் ஓஷியை நேசிப்பது இந்த நீளத்துக்காக. ஒரு நாய்க்குப் பசிக்கும், ஆகவே ஒருவர் வீடு திரும்ப வேண்டும். பிற்பாடு அந்த நாய் காணாமல் போகிறது. கடைசியில் விளையாட்டின் உச்சக் கட்டத்துக்கு அவள் நுழையும்போது திரை முழு வண்ணத்துக்கு மாறுகிறது. அந்தக் கட்டத்தின் பெயரே 'நிஜம்'. இவ்வளவு நேரம் வீடு என்று நினைத்ததும் சந்தேகத்துக்குள் போய்விடும். இதன்பிறகு உங்கள் நோட்டில் வலப்பக்கம் அந்த நாய் இருக்குமா, அழிப்பீர்களா? நான் அழிக்க மாட்டேன்.

இந்த வகைப் படங்களுக்கு முன்னோடி வேண்டுமென்றால் ஃபாஸ்பைண்டர் 1973-இல் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சிக்காக இரண்டு பாகமாக எடுத்த 'வெல்ட் ஆம் ட்ராட்'. கண்ணாடிகளும் பிரதிபலிப்புகளும் நிறைந்த படம். ஒரு விருந்தில் பேசிக்கொண்டிருக்கும் மனிதர் திடீரென்று இல்லாமல் போகிறார், பிறகு அப்படி ஒருவர் இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை, நாயகனைத் தவிர. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும், முதல் படமாக வேண்டாம்.

கேத்ரின் பிகலோவின் 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' (1995) பெரியவர்களுக்கு மட்டும். பாலியல் வன்முறைக் காட்சி ஒன்று மிகக் கடுமையானது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மூளையிலிருந்து நேரடியாகப் பதிவான அனுபவங்களை விற்கும் லென்னி, தன்னை விட்டுப்போன காதலியுடன் இருந்த பழைய நாட்களின் பதிவுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறான். நினைவுகள் மங்கிப் போவதற்காகவே படைக்கப்பட்டவை, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று தோழி மேஸ் அவனிடம் வெடிக்கிறாள். மறையாத பதிவு ஒருவனை எப்படிக் கட்டிப்போடும் என்பதை, நாம் எல்லோரும் கையில் கேமரா வைத்துக்கொள்வதற்கு வெகு முன்பே சொன்ன படம்.

கிறிஸ்டோபர் நோலனின் 'இன்செப்ஷன்' (2010) பற்றி ஒரே ஒரு குறிப்பு. விழுந்தால் நிஜம், விழாவிட்டால் கனவு என்பதால், கடைசியில் சுழலும் பம்பரம் விழுமா விழாதா என்று எல்லோரும் பம்பரத்தைப் பார்க்கிறோம். நாயகன் காப் பார்க்கவில்லை, பிள்ளைகளிடம் போய்விட்டான். இரண்டாம் முறை நீங்களும் பம்பரத்தை விட்டுவிட்டு அவன் முதுகைப் பாருங்கள்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் படம்: மாமோரு ஹொசோடாவின் 'சம்மர் வார்ஸ்' (2009). வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். உலகமே ஓஸ் என்ற மெய்நிகர் உலகத்தில் இயங்குகிறது. கடை, அலுவலகம், போக்குவரத்து, மருத்துவக் கண்காணிப்பு எல்லாம் அதற்குள். ஒரு செயற்கை நுண்ணறிவு அதைக் கைப்பற்றியதும் வெளியே எல்லாம் குழம்புகிறது. ஜப்பானின் உவேடாவில் ஒரு பெரிய பழைய வீடு, 90-ஆவது பிறந்தநாளை நெருங்கும் சக்காயே என்ற முதுபெண். அவர் என்ன செய்கிறார்? சுழற்டயல் வைத்த கறுப்புத் தொலைபேசியின் முன் உட்கார்ந்து, பழைய கடிதங்களையும் முகவரிகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களை ஒவ்வொருவராக அழைக்கிறார். அதிகாரிகள், உறவினர்கள், பழைய சிநேகிதர்கள். உன்னால் முடியும், விடாதே என்கிறார். தொழில்நுட்ப அறிவு எதுவும் அவரிடம் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த உறவுகள் இருக்கின்றன, அழைத்தால் எடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அந்த டயல் சுழன்று திரும்பும் ஓசையை ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் காத்திருக்க வேண்டும். சக்காயே பிறகு இறந்துபோகிறார். இதயத்தைக் கண்காணிக்கும் இணைப்பு ஓஸ் குழப்பத்தில் வேலை செய்யாமல் போனதும் அதில் சேர்ந்திருக்கிறது. அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் குடும்பத்துக்குச் சொல்வது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், பசியோடும் தனியாகவும் இருப்பதுதான் மிக மோசம் என்று. அப்படியே அவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்புகிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கடைசிப் போராட்டம் நடப்பது ஓஸுக்குள்தான். சக்காயேவின் கொள்ளுப்பேத்தி நட்சுகி அங்கே சீட்டு விளையாடுகிறாள், தோற்கும் நிலையில் உலகெங்கும் இருந்து முகம் தெரியாதவர்கள் தங்கள் கணக்குகளை அவளுக்குக் கொடுக்கிறார்கள். மெய்நிகர் உலகம் கெட்டது, கிராமத்து வீடு நல்லது என்று இந்தப் படம் சொல்லவில்லை. தொலைபேசியில் சக்காயே செய்ததையே ஓஸுக்குள் கொள்ளுப்பேத்தி செய்கிறாள்.

இதோடு ஒப்பிட்டால் 'ரெடி பிளேயர் ஒன்' (2018) எனக்கு நிறைவு தரவில்லை. ஸ்பீல்பெர்க்கின் திறமையில் சந்தேகமே கிடையாது, ஓயாசிஸ் என்ற மெய்நிகர் உலகம் கண்ணைப் பறிக்கிறது. நிஜத்தில்தான் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று அதை உருவாக்கியவர் சொல்வதும் மனதைத் தொடுகிறது. ஆனால் இறுதியில் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் ஓயாசிஸை மூடிவிடுவதோடு நிஜத்தின் கணக்கு தீர்ந்துவிட்டதாகப் படம் நினைக்கிறது. மூடிய நாளில் மக்கள் எங்கே போவார்கள், யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று படம் காட்டவில்லை. உங்கள் நோட்டில் இடப்பக்கம் நிரம்பி வழியும், வலப்பக்கம் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும்.

இதுவரை பார்த்தவை எல்லாம் கற்பனை. அடுத்ததாக இரண்டு ஆவணப்படங்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நம் பார்வை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஜோ ஹண்டிங்கின் 'வி மெட் இன் வர்ச்சுவல் ரியாலிட்டி' (2022) முழுவதும் விஆர்சாட் என்ற மெய்நிகர் தளத்துக்குள்ளேயே படமானது. அங்கே ஒரு குழு சைகை மொழி கற்றுக்கொடுக்கிறது, காது கேளாதவர்களும் கேட்பவர்களும் அவதார்களின் விரல்களால் பேசிக்கொள்கிறார்கள். ஒலியையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த வகுப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது.

இன்னொன்று பெஞ்சமின் ரீயின் 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' (2024). நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயோடு பிறந்து 2014-இல் 25 வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்தான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். இறந்த செய்தியை அவருடைய வலைப்பூவில் தெரிவித்ததும், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் அவரை இபெலின் என்ற பெயரில் அறிந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அவர் தங்களுக்கு எப்படித் துணையாக இருந்தார் என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள். இந்தப் படத்தை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது? நான் வலப்பக்கம் எழுதுகிறேன். பதில் கிடைத்த இடம் அது. டேவிட் சால்மர்ஸ் போன்ற தத்துவ அறிஞர்கள் மெய்நிகர் உலகமும் உண்மையான உலகமே என்று வாதிடுகிறார்கள். அதை முழுதாக ஏற்காதவர்கள்கூட இபெலினின் நண்பர்கள் எழுதிய கடிதங்களைப் பொய் என்று சொல்ல முடியாது.

நோட்டை முடித்தபின் ஒரு வேலை. ஒவ்வொரு படப்பிடிப்பு இடத்திலும் ஒலிப்பதிவாளர் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, யாரும் பேசாத அந்த இடத்தின் ஓசையை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவு செய்வார். ரூம் டோன் என்போம். ஒவ்வோர் அறைக்கும் அது வேறு, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஒட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். உங்கள் வீட்டில் நீங்கள் அதிகம் இருக்கும் அறையில் கைபேசியால் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அதை ஹெட்போனில் கேட்டு, கேட்பவற்றை எழுதுங்கள். இயந்திரங்களின் முனகல், சுவருக்கு அப்பால் நடக்கும் கால்கள், பக்கத்து அறையில் ஒருவர் இருமுவது. அப்புறம் அந்தப் பட்டியலில் மனிதர்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவர்களில் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். திரைக்கு அந்தப்பக்கம் விளையாட்டுத் தோழர் ஒருவர் காத்திருந்தால் அவரையும் அதே பட்டியலில் சேருங்கள்.

விளையாட்டிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் மகனோ தங்கையோ வீட்டில் இருந்தால், இந்தப் படங்களை அவர்களுக்கு எதிரான சாட்சியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'சம்மர் வார்ஸ்' முடிந்ததும், உன் விளையாட்டில் உனக்கு உதவியவர் யார், நீ யாருக்கு உதவினாய் என்று கேளுங்கள். அவர்கள் ஒரு பெயரைச் சொன்னால் அந்த நட்பைப் பற்றி நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் எதுவும் வரவில்லையென்றால், 'தி ட்ரூமன் ஷோ'வின் கோக்கோ காட்சியைச் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, யாரிடம் பேசுகிறாய் என்ற ட்ரூமனின் கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.